கொத்தவரை நாரும் குடல் நுண்ணுயிர்களும்: எது, எவ்வளவு, யாருக்கு வேண்டாம்?

1. உப்பனாறு (கடலூர் முதுநகர்), திங்கள் காலை 7:20

மஞ்சக்குப்பம் மருந்துக்கடைகளிலும் புதுச்சேரி நேரு வீதிப் பக்கமும் "கரையும் நார்", "ப்ரீபயாடிக்" (குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவுக்கு உணவு) என்று எழுதிய வெள்ளை மாவு டப்பாக்கள் இப்போது நிறைய வருகின்றன. சேர்மானத்தைப் பார்த்தால் ஓரளவு நீராற்பகுத்த, அதாவது சிறு துண்டுகளாக உடைத்த குவார் கம், கொத்தவரைப் பிசின். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் "குவார் கம்" என்றே ஒரு மாவு அதைவிட எவ்வளவோ மலிவாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றா? கொத்தவரங்காய்ப் பொரியல் சாப்பிட்டாலே இது கிடைத்துவிடாதா? குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவை இது பெருக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் பலருக்கும் உதவும்.

2. முத்தியால்பேட்டை மைக்ரோ, திங்கள் காலை 9:05

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை வந்துவிடும்.

கொத்தவரை விதையை உடைத்தால் தோல், முளை, நடுவில் கெட்டியான வெண்பகுதி என மூன்றும் இருக்கும். அந்த வெண்பகுதிதான் பிசின். வேதியியலில் அதன் பெயர் கேலக்டோமன்னான். மன்னோஸ் சர்க்கரைகள் சரம் கோத்ததுபோல் நீளமாக நிற்க, ஏறத்தாழ இரண்டு மன்னோஸுக்கு ஒரு கேலக்டோஸ் கிளையாகத் தொங்கும். இந்தச் சரத்தை அறுக்கும் நொதி மனித உடம்பில் கிடையாது. இரைப்பையையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த நொதி உண்டு. ரோஸ்பூரியா இன்டெஸ்டினாலிஸ் என்ற குடல் பாக்டீரியா மன்னான் சரத்தை எப்படி வெட்டி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதை 2019-ல் வெளியான ஓர் ஆய்வு நொதி நொதியாகக் காட்டியிருக்கிறது.

அதன்பின் நடப்பதுதான் முக்கியம். ஒரு கூட்டம் சரத்தை வெட்டும்போது சிதறும் துண்டுகளை வேறு கூட்டங்கள் தின்னும். பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வெளியே விடும். அவற்றை எடுத்துக்கொண்டு ஃபீக்கலிபாக்டீரியம், அனரோஸ்டைப்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும். பெருங்குடலின் உள்தோல் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 விழுக்காட்டை இந்த ப்யூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. நாம் சாப்பிட்டது ரத்தம் வழியாகப் போய் அந்தத் தோலுக்குச் சேருவதைவிட, பாக்டீரியா பக்கத்திலிருந்தே ஊட்டுவதுதான் அதிகம். அமிலம் கூடுவதால் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் புளிப்பு ஏறும் (பி.எச். குறையும்), புரதத்தை அழுகவைக்கும் வகைகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துவராது.

மனிதர்களிடம் செய்த சோதனைகளில் இரண்டைச் சொல்கிறேன். 1994-ல் ஜப்பானில் 9 ஆண்களுக்கு டப்பாவில் வரும் அந்த உடைத்த கொத்தவரை நாரைத் தினம் 21 கிராம் வீதம் 2 வாரம் கொடுத்ததில் பிஃபிடோபாக்டீரியத்தின் பங்கு கூடியது. 2001-ல் பிரிட்டனில் 3.4 கிராம் கொத்தவரை நாரும் 6.6 கிராம் ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற இன்னொரு கரையும் நாரும் சேர்த்த பிஸ்கட்டுகளைத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் யாரிடம் பிஃபிடோ குறைவாக இருந்ததோ அவர்களிடம்தான் அதிகம் ஏறியது. ஏற்கெனவே நிறைய இருந்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஒரே டப்பா ஒருவருக்குப் பலன் தந்து இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். இரண்டும் சிறிய ஆய்வுகள் என்பதை மறக்கக்கூடாது. இரண்டாவதில் இரண்டு நார் கலந்திருந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

3. பண்ருட்டி பலா, திங்கள் காலை 10:40

நம் ஊரில் வாழைத்தண்டு இருக்கிறது, முருங்கைக்காய் இருக்கிறது, கீரை இருக்கிறது. தண்டை நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிறோமே, அதைவிட நார் எதில் இருக்கிறது? வடநாட்டு விதையை அரைத்த மாவுக்கு எதற்குச் செலவு?

4. முத்தியால்பேட்டை மைக்ரோ, திங்கள் காலை 11:15

பலா ஐயா, நல்ல இடத்தில் கேட்டீர்கள். நார்ச்சத்து என்ற பெயரே இங்கே ஆளை வழிமாற்றி விடுகிறது. விரலில் சுற்றுவது பெரும்பாலும் செல்லுலோஸும் லிக்னினும். அது துடைப்பத்தின் வேலை பார்க்கும்: மலத்தின் பருமனைக் கூட்டும், நகர்த்தும். லிக்னினைக் குடல் பாக்டீரியாவால் தொடவே முடியாது, செல்லுலோஸைக் கொஞ்சம்தான் முடியும். வந்தது பெரும்பாலும் வந்தபடியே வெளியேறும்.

பாக்டீரியா விரும்பித் தின்பது கண்ணுக்கு நாராகத் தெரியாத நார். வெண்டைக்காயின் வழவழப்பு, ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு, சின்ன வெங்காயத்தில் உள்ள ஃப்ரக்டான், ஆறிய சோற்றில் செரிக்காமல் நிற்கும் மாவுச்சத்து இவையெல்லாம் அந்த வகை. தண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, தண்டும் வேண்டும். ஆனால் தண்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு பாக்டீரியாவுக்கு வேண்டியதைப் போட்டுவிட்டதாக நினைக்கக்கூடாது.

கொத்தவரங்காய்ப் பொரியலுக்கும் இதே பதில். பொரியலுக்கு நாம் எடுப்பது பிஞ்சு. உள்ளே விதை பால்பிடிக்கும் முன்பே பறித்தது. பிசின் சேர்வது விதை முற்றும்போதுதான். பிஞ்சுக்காய் 100 கிராமில் மொத்த நார் ஏறத்தாழ 5 கிராம், அதிலும் பெரும்பகுதி கரையாதது. நல்ல காய்தான், ஆனால் டப்பாவில் இருக்கும் பொருள் அதில் இல்லை. அதற்காக முற்றிய விதையை வாங்கி வீட்டில் அரைக்க வேண்டாம். தோலும் முளையும் நீக்காத விதையில் செரிமானத்தைக் கெடுக்கும் பொருட்கள் உண்டு.

5. வில்லியனூர் உணவுத்தொழில், திங்கள் பகல் 1:30

பேக்கரி மாவும் மருந்துக்கடை மாவும் ஒன்றா என்ற கேள்விக்கு வருகிறேன். மூலப்பொருள் ஒன்று, பொருள் வேறு. தவறாக வாங்கினால் ஆபத்தும் உண்டு.

பேக்கரியில் கிடைப்பது வெட்டப்படாத முழுப் பிசின். ஐஸ்கிரீமில் 0.2 முதல் 0.3 விழுக்காடு போட்டாலே கெட்டித்தன்மை வந்துவிடும். தண்ணீரில் 1 விழுக்காடு கலந்தால் கூழ்போல் நிற்கும். மருந்துக்கடைப் பொருளில் அதே பிசினை ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையிலிருந்து எடுத்த மன்னனேஸ் நொதியால் துண்டுபோட்டிருக்கிறார்கள். சராசரி மூலக்கூறு எடை லட்சக்கணக்கிலிருந்து சுமார் 20,000-க்கு இறங்கிவிடும். 5 விழுக்காடு கலந்தாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். சூட்டிலும் புளிப்பிலும் கெடாது. ரசம், மோர், காபி எதில் கலந்தாலும் ருசி மாறாது.

வாங்கியது எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். 200 மில்லி சாதாரணத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மாவைத் தூவிக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிவாக, நீர்க்க இருந்தால் வெட்டிய வகை. கரண்டியில் கோந்துபோல் தொங்கினால் முழுப் பிசின், அதைக் குடிக்காதீர்கள். ஒன்று மட்டும்: தெளிவாகக் கரைந்ததாலேயே அசல் என்று ஆகிவிடாது, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியும் அப்படித்தான் கரையும். அதற்கு டப்பாவின் பின்புறத்தைப் பாருங்கள். 100 கிராமில் நார்ச்சத்து 75-80 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். ஆற்றல் கிராமுக்கு சுமார் 2 கிலோகலோரி. நார் 40 என்றும் சர்க்கரை, சுவையூட்டி என்றும் போட்டிருந்தால் நாருக்குக் கொடுக்கும் காசில் பாதி வேறு எதற்கோ போகிறது.

முழுப் பிசினை உலர்ந்த மாவாகவோ மாத்திரையாகவோ விழுங்குவது ஏன் கூடாது என்றால், அது தொண்டையிலேயே ஊறிப் பருத்து உணவுக்குழாயை அடைக்கும். 1990 வாக்கில் அமெரிக்காவில் எடை குறைக்கும் மாத்திரையாக விற்றபோது இப்படிப் பலருக்கு அடைத்தது. அதன்பிறகு அந்தப் பயன்பாட்டையே அங்கே தடைசெய்தார்கள்.

6. உப்பனாறு, திங்கள் மாலை 6:10

நன்றி சார். பேக்கரி மாவை இனித் தொடப்போவதில்லை. சரியான டப்பாவை வாங்கினால் ஒரு நாளைக்கு எத்தனை கிராம், எப்போது, எதில் கலந்து? வாயு பிடிக்கும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள்.

7. தட்டும் தராசும் (உணவியல், திருப்பாதிரிப்புலியூர்), திங்கள் இரவு 8:45

அளவு நான் சொல்கிறேன்.

முதல் வாரம் தினம் 2.5 முதல் 3 கிராம், காலை உணவோடு. டப்பாவோடு வரும் கரண்டி எத்தனை கிராம் என்று முதலில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கரண்டி இல்லையென்றால் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, உங்கள் வீட்டுத் தேக்கரண்டிக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் 5 முதல் 6 கிராம். பெரும்பாலான மருத்துவ ஆய்வுகள் இந்த அளவில்தான் நடந்திருக்கின்றன. அதற்குமேல் ஏற்றுவதற்கு மலச்சிக்கல் தவிர வேறு காரணம் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரே நேரத்தில் ஒத்துவராவிட்டால் காலை பாதி, இரவு பாதி. குறைந்தது 200 மில்லி திரவத்தில் கலந்து குடிக்க வேண்டும், அதோடு நாள் முழுக்க வழக்கமான தண்ணீரும் குறையக்கூடாது. பங்குனி, சித்திரையில் வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும்.

வாயு பற்றி: பெருங்குடலில் நார் நொதித்தால் வாயு வரத்தான் செய்யும். கேள்வி அதன் வேகம்தான். இன்யூலின், ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு போன்ற குட்டையான சரங்களை பாக்டீரியா சடசடவென்று தின்றுவிடும். பெருங்குடலின் தொடக்கத்திலேயே வாயு மொத்தமாகக் கிளம்பி வயிறு உப்பும். கொத்தவரை நார் நீளமானது, மெதுவாக நொதிக்கிறது. அதனால் அதே அளவுக்கு உப்புசம் குறைவு. 2016-ல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்குத் தினம் 6 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்ததில் உப்புசமும் வாயுவும் குறைந்தன. ஆனால் அவர்களின் மற்ற தொல்லைகளிலும் வாழ்க்கைத் தரத்திலும் வேறுபாடு தெரியவில்லை. இதையும் சேர்த்தே சொல்லவேண்டும், டப்பாவில் முன்பாதியை மட்டும்தான் எழுதுவார்கள்.

பொதுவாகத் தவறுவது எங்கே என்றால், முதல் நாளே இரண்டு கரண்டி போட்டு, அன்றைக்கே சுண்டலும் சாப்பிட்டு, ராத்திரி வயிறு இரைந்ததும் டப்பாவைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். பாக்டீரியாக் கூட்டம் தன்னை மாற்றிக்கொள்ள நாளாகும். முதல் பத்து நாள் லேசான இரைச்சல் இருந்தால் அளவைப் பாதியாக்கித் தொடரலாம். வலி, பேதி, வாந்தி வந்தால் நிறுத்த வேண்டும்.

8. சுண்ணாம்பாறு (அரியாங்குப்பம்), திங்கள் இரவு 9:30

அக்கா, வீட்டில் பெரியவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் ஓடுகிறது. கூடவே கொடுக்கலாமா?

9. தட்டும் தராசும், திங்கள் இரவு 9:50

கூடவே கூடாது, தம்பி. இடைவெளி விட்டுக் கொடுக்கலாம். வழவழப்பான நார் எதுவானாலும் மருந்தைத் தன்னுள் பிடித்துவைத்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும். முழுப் பிசின் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது நிறுவப்பட்டது. வெட்டிய வகையில் பிடிப்பு குறைவுதான், இருந்தாலும் பொது விதி ஒன்றே: மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரம், தைராக்சினுக்கு 4 மணி நேரம். தைராய்டு மாத்திரை காலை வெறும் வயிற்றில் என்பதால், அந்த வீட்டில் நாரை மாலைக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ தள்ளிவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படியே. இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் நார் தொடங்கிய முதல் இரண்டு வாரம் வழக்கத்தைவிட ஒருமுறை கூடுதலாகச் சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது.

சிலருக்கு இடைவெளி விட்டால் மட்டும் போதாது. குடலில் சுருக்கம் அல்லது அடைப்பு இருந்தவர்கள், குடல் அறுவை செய்து தேறாதவர்கள், பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவர்கள், டயாலிசிஸ் காரணமாகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் எல்லாரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பது வயதுக்குமேல் திடீரென மாறிய மலப்பழக்கம் இவற்றுக்கு நார் மருந்தில்லை. ஜிப்மரிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ காட்டவேண்டிய குறிகள் அவை.

10. கெடிலக்கரை (நெல்லிக்குப்பம்), செவ்வாய் காலை 6:55

டப்பாவைப் பற்றியே பேசுகிறோம். கேலக்டோமன்னான் நம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயம்தான் அது. கொத்தவரையில் மன்னோஸும் கேலக்டோஸும் 2-க்கு 1, வெந்தயத்தில் ஏறத்தாழ 1-க்கு 1. 100 கிராம் வெந்தயத்தில் மொத்த நார் 45 கிராமுக்கு மேல், அதில் பாதியளவு கரையும் வகை. ஆக 10 கிராம் வெந்தயம் சுமார் 2 கிராம் கரையும் நாரையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரையாத நாரையும் தரும்.

இட்லி மாவுக்குப் போடுகிறோமே என்பார்கள். நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு தேக்கரண்டி, 4 கிராம். அது நாற்பது இட்லிக்குப் பிரிகிறது. ஆளுக்கு நாலு இட்லி என்றால் நார்க் கணக்கில் ஒன்றுமில்லை, மாவு பொங்குவதற்குத்தான் அது.

கணக்கில் வரவேண்டுமானால் வெந்தயக்களி. ஒரு ஆழாக்கு புழுங்கலரிசிக்கு மூன்று மேசைக்கரண்டி வெந்தயம், ஒரு பிடி உளுந்து. ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடே வெண்ணெய்போல் அரைக்கவேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையும் நாரில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போய்விடும். மூன்றரை ஆழாக்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, மாவைக் கம்பிபோல் ஊற்றிக்கொண்டே துடுப்பால் விடாமல் கிண்டவேண்டும். கொதிக்கும்போதே மொத்தமாகக் கொட்டினால் மேல்மாவு வெந்து உள்மாவு கட்டிதட்டும், அந்தக் கட்டியை எந்தத் துடுப்பாலும் உடைக்க முடியாது. ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம். நல்லெண்ணெய், பனைவெல்லம். நாலு பேருக்கு வரும், ஆளுக்கு எட்டு கிராம் வெந்தயம்.

முழு வெந்தயத்தைத் தண்ணீரோடு விழுங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். தோல் உடையாத விதை பல நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். ஊறவைத்து மென்று தின்னவேண்டும், அல்லது அரைக்கவேண்டும்.

11. தட்டும் தராசும், செவ்வாய் காலை 8:20

கெடிலக்கரை அண்ணன் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். வெந்தயம் வெறும் நாரல்ல. சர்க்கரையை இறக்கும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம், கர்ப்பிணிகள் சமையல் அளவைத் தாண்டக்கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வெந்தயமும் ஒவ்வாது. வியர்வையிலும் சிறுநீரிலும் வெந்தய வாடை வருவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

12. பண்ருட்டி பலா, செவ்வாய் காலை 10:00

வழிமாறிய இடம் எனக்கு இப்போது புரிகிறது. அப்படியானால் பழைய சோறு? அதில் ஆயிரம் நன்மை என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். பலாக்கொட்டையையும் யாராவது சொல்லுங்கள், இங்கே சீசனில் தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது.

13. முத்தியால்பேட்டை மைக்ரோ, செவ்வாய் பகல் 12:10

பழைய சோற்றில் இரண்டு விஷயம் தனித்தனியாக நடக்கிறது. ஒன்று, வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகிப் படிகமாகி, அதில் ஒரு பகுதி நம் நொதிக்கு மசியாததாக மாறுகிறது. இன்னொன்று, ஊறும் தண்ணீரில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிப்பேறுகிறது. முதலாவது குடல் பாக்டீரியாவுக்கு உணவு. இரண்டாவது வெளியிலிருந்து வரும் பாக்டீரியா.

முதலாவதன் அளவை மிகைப்படுத்தக்கூடாது. இந்தோனேசியாவில் வெள்ளைச் சோற்றை அளந்து 2015-ல் வெளியிட்ட கணக்கு இது: சுடுசோறு 100 கிராமில் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம், 10 மணி நேரம் அறைச்சூட்டில் ஆறியதில் 1.30, குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைத்துச் சுடவைத்ததில் 1.65. இரண்டு மடங்குக்கு மேல் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். 300 கிராம் சோற்றுக்கு ஐந்து கிராம்கூட வராது. ஆனால் தினமும் வருகிறதே, காசில்லாமல். ருமினோகாக்கஸ் ப்ரோமி என்ற பாக்டீரியாதான் இந்த வகை மாவுச்சத்தை முதலில் உடைத்து மற்றவற்றுக்குப் பந்திவைப்பது. அது இல்லாத குடலில் இந்த மாவுச்சத்து தீண்டப்படாமலே வெளியேறிவிடும் என்று பார்த்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் உலகம் திரும்பிப் பார்த்த வேலை ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. வேலூர் சி.எம்.சி.யில் காலரா வந்த 48 பேரிடம் செய்த ஆய்வு, 2000-ல் வெளியானது. ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்துக் கொடுத்தபோது மலத்தில் போகும் நீர் குறைந்தது, பேதியும் சீக்கிரம் நின்றது. பாக்டீரியா அந்த மாவுச்சத்தைக் கொழுப்பு அமிலமாக்க, அந்த அமிலம் உறிஞ்சப்படும்போது பெருங்குடல் உப்பையும் நீரையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. கொத்தவரை நாரையும் ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து வங்கதேசத்தில் குழந்தைகளிடம் இதே நோக்கில் சோதித்தார்கள், பேதி நாட்கள் குறைந்தன. மலச்சிக்கலுக்கும் பேதிக்கும் ஒரே பொருளா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆனால் குழந்தைக்குப் பேதி என்றால் வீட்டில் மாவு கலந்து பார்க்காமல் ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாக மாத்திரையும்தான்.

பலாக்கொட்டை: மாவுச்சத்து நிறைந்தது. நன்றாக வேகவைத்தால்தான் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அழியும். வேகவைத்து ஆறவிட்டுச் சாப்பிட்டால் ஆறிய சோற்றின் கதைதான். வாயு கொஞ்சம் கூடுதலாகவே வரும், முதலில் ஐந்தாறு கொட்டை போதும்.

14. வில்லியனூர் உணவுத்தொழில், செவ்வாய் பகல் 12:40

பழைய சோற்றில் சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து சோறு வெந்த பிறகும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் தண்ணீரில்லாமல் மூடிக் கிடந்தால் அது நச்சைக் கக்கும். அந்த நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. எனவே சோற்றைத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, சோறு முழுக்க மூழ்கக் கொதித்தாறிய தண்ணீர் ஊற்றுங்கள். மண்சட்டியானால் நல்லது. உப்பைக் காலையில் போடலாம். மார்கழியில் 12 மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். இதமான புளிப்பு வாசனை சரி. நூல்போல் இழுத்தாலோ அழுகல் வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள், கழுவிச் சாப்பிடும் வேலை வேண்டாம்.

கூடவே கடிக்கும் சின்ன வெங்காயத்தை விட்டுவிடாதீர்கள், அதிலுள்ள ஃப்ரக்டான் பிஃபிடோவுக்குப் பிடித்தமானது. எரிச்சல் குடல் உள்ளவர்களுக்கு அதே வெங்காயம்தான் முதல் எதிரி, அவர்கள் அதை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக்கொள்ளலாம்.

15. சுண்ணாம்பாறு, செவ்வாய் மாலை 5:35

இசப்கோல் பற்றி யாருமே சொல்லவில்லையே? எங்கள் பக்கம் மலச்சிக்கல் என்றாலே அதுதான்.

16. தட்டும் தராசும், செவ்வாய் மாலை 6:20

மலச்சிக்கலுக்கு நல்ல பொருள், பாக்டீரியாவுக்கு உணவாகச் சுமார்தான். அது தண்ணீரைப் பிடித்துக் கூழாகி, பெரும்பாலும் நொதிக்காமலே கடைசிவரை போகிறது. மலம் இளகுவதே அதனால்தான். வாயு குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். 2022-ல் நாட்டிங்ஹாமில் எரிச்சல் குடல் உள்ளவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், இன்யூலினைத் தனியாகக் கொடுத்தபோது வந்த வாயு இசப்கோலோடு சேர்த்துக் கொடுத்தபோது குறைந்திருந்தது. எனவே சிக்கலும் இருக்கிறது, பாக்டீரியாவையும் கவனிக்கவேண்டும் என்றால் இரவு இசப்கோல் ஒரு தேக்கரண்டி பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்துவிட்டு, காலையில் கொத்தவரை நார் 3 கிராம் என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள், எது ஒத்துக்கொண்டது எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

17. உப்பனாறு, செவ்வாய் இரவு 9:15

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மலத்தை அனுப்பினால் பாக்டீரியாப் பட்டியல் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. அதற்குச் செலவழிக்கலாமா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

18. முத்தியால்பேட்டை மைக்ரோ, செவ்வாய் இரவு 10:05

வேண்டாம். ஆளுக்கு ஆள் பட்டியல் மாறும், ஒரே ஆளுக்கும் நேற்றுச் சாப்பிட்டதைப் பொறுத்து மாறும். எந்த பாக்டீரியா எத்தனை விழுக்காடு இருந்தால் சரி என்று சொல்ல மருத்துவத்தில் இன்னும் அளவுகோல் கிடையாது. பிரிஸ்டல் மல அட்டவணையில் ஏழு வகை உண்டு, அதைப் பார்த்து இரண்டு வாரம் முன்பும் நாலு வாரம் பின்பும் குறித்துவையுங்கள். 1, 2 என்று கொட்டை கொட்டையாக இருந்தது 3, 4-க்கு வந்தால் நல்லது. வேகத்தைப் பார்க்க அவித்த மக்காச்சோளம் ஒரு கதிர் தின்று, முத்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மூன்று நாளுக்குமேல் இழுத்துக்கொண்டிருந்தது ஒன்றரை நாளுக்கு இறங்கினாலே நல்ல முன்னேற்றம்தான்.

நாலு வாரம் 5 கிராமில் முழுசாகச் சாப்பிட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், உங்கள் குடலுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பலன் இருந்தால் தொடரவேண்டும், ஏனென்றால் நிறுத்திய ஓரிரு வாரத்தில் பாக்டீரியாக் கூட்டம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தீனி நிற்கும்போது அவை சும்மாவும் இருப்பதில்லை. எலிகளுக்கு நாரை அறவே நிறுத்தியபோது பாக்டீரியா குடலின் மேல் படர்ந்திருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதை 2016-ல் காட்டினார்கள். மொத்த நார் வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி. டப்பா தருவது அதில் ஐந்து. மீதி இருபதும் தட்டிலிருந்துதான் வரவேண்டும்: பருப்பு, பயறு, கீரை, காய், பழம்.

19. கெடிலக்கரை, புதன் காலை 6:30

டப்பா வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இந்த மாவு ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரத்தில் மூடியைச் சரியாக மூடாமல் வைத்தால் பத்தே நாளில் பாறைபோல் இறுகிவிடும், அப்புறம் கரண்டிக் கணக்கு ஒன்றும் நிற்காது. வாங்கியதும் காற்றுப் புகாத சின்னக் கண்ணாடிப் புட்டிகள் இரண்டில் பிரித்து, ஒன்றை மட்டும் புழங்குங்கள். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், ஆவி வரும். தம்ளரைக் கலக்கிய ஈரக் கரண்டியை மறுபடி புட்டிக்குள் விடக்கூடாது.

20. உப்பனாறு, புதன் காலை 7:05

எல்லாருக்கும் நன்றி. அந்த 200 மில்லி சோதனையை இப்போது வைத்திருக்கும் டப்பாவில் செய்தேன், பத்து நிமிடம் கழித்தும் தெளிவாகவே இருக்கிறது. பின்புறம் நார் 82 என்று போட்டிருக்கிறது. நாளை காலை 2.5 கிராமில் தொடங்குகிறேன். தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு இரவுச் சாப்பாட்டோடு.

21. தட்டும் தராசும், புதன் காலை 7:40

சரி. ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் புட்டியில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டிவிடுங்கள். நாலாவது வாரம் அட்டவணை எண்ணை இங்கேயே போடுங்கள், பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாம்.